திடீர்த் தலைவலியும் ஸ்கேனும்: சேலத்து அவசரப் பிரிவுகளில் கண்டவை

செவிலியர், அவசர சிகிச்சைப் பிரிவு, சேலம்:

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை அழைத்து வந்தனர். மூட்டையைத் தூக்கிய கணத்தில் பிடரியில் சம்மட்டியால் அடித்ததுபோல் வலி வந்ததாகவும், பிறகு வாந்தி எடுத்ததாகவும், பித்தம் என்று எண்ணிச் சுக்குப் பற்றுப் போட்டுப் படுக்க வைத்ததாகவும் மகன் சொன்னார். பணி மருத்துவரோ, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, உச்சத்தைத் தொட எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற இரண்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். மூளையைச் சூழ்ந்த சவ்வுக்கு அடியில் கசிந்த இரத்தம், முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் தற்காலச் சி.டி. ஸ்கேனில் ஏறக்குறையத் தப்பாமல் வெண்மையாகத் தெரிந்துவிடும். நேரம் செல்லச் செல்ல அது மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்து மங்கிவிடுவதால், அதன்பின் எடுத்த படம் சுத்தமாக இருந்தாலும் முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தோ, இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் செய்தோ பார்க்க வேண்டியிருக்கும். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் நேரமும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. காலைத் தேநீருக்குச் சற்று முன்பு என்று உடன் வேலை செய்த பெண் சொன்ன பிறகே நேரம் தெளிவாயிற்று. படத்தில் கசிவும், ஆஞ்சியோகிராமில் இரத்தக் குழாயின் புடைப்பும் தெரிந்தன. அன்றே அவரை மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஆசிரியர், ஃபேர்லண்ட்ஸ்:

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறானது. கல்லூரிக் காலம் முதலே ஒற்றைத் தலைவலி உண்டு. ஓரிரவு தாங்க முடியாமல் போனபோது, ஸ்கேன் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று என் மனைவி வற்புறுத்தினார். மருத்துவர் கழுத்தை வளைத்துப் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார். வலி வழக்கம்போல மெல்ல ஏறியதைக் கேட்டறிந்து, படம் தேவையில்லை என்று ஊசி மட்டும் போட்டார். தலைக்கு எடுக்கும் சி.டி.யில் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு படுகிறது. அது பேரளவன்று, ஆனாலும் பயனில்லாதபோது எதற்கு என்றார். ஸ்கேன் எழுதிப் பணம் பிடுங்குகிறார்கள் என்று பேசுவதும் நாம்தான், எழுதாதவரிடம் சண்டைக்குப் போவதும் நாம்தான்.

கணவர், அயோத்தியாப்பட்டணம்:

சி.டி. சுத்தமாக இருந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம் என்று எண்ணுவோருக்காக எழுதுகிறேன். என் மனைவிக்குப் பிரசவமான இரண்டாம் வாரத்தில் தலைவலி வந்தது. பச்சை உடம்பு என்று பெரியவர்கள் தண்ணீரையே அளந்து கொடுத்துக்கொண்டிருந்தனர். ஒரு மருத்துவமனையில் சாதாரணச் சி.டி. எடுத்து, ஒன்றுமில்லை என்று மாத்திரையுடன் அனுப்பிவிட்டார்கள். படுத்தால் வலி கூடியது. மறுநாள் வலிப்பு வந்தது. வேறிடத்தில் எம்.ஆர்.ஐ.யுடன், சிரைகளைப் படமெடுக்கும் வெனோகிராமும் எடுத்தபோதுதான், மூளையிலிருந்து இரத்தத்தை வடிக்கும் பெருஞ்சிரை உறைகட்டியால் அடைபட்டிருப்பது தெரிந்தது. பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் இரத்தம் எளிதில் உறையும், உடலில் நீர் குறைந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும், இவ்வகை அடைப்பு சாதாரணச் சி.டி.யில் தென்படாமலே போகக்கூடும் என்று நரம்பியல் மருத்துவர் விளக்கினார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் சிகிச்சையில் தேறிவிட்டாள். முதலில் படத்தைப் பார்த்தவருக்கு அவள் பிள்ளை பெற்றவள் என்பதே தெரியாது. சீட்டில் தலைவலி என்று மட்டுமே எழுதியிருந்தது.

செவிலியர்:

சீட்டைப் பற்றி அண்ணன் சொன்னது முதியவர்களுக்கும் பொருந்தும். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு சில வாரங்கள் ஆகிவிட்டால் வீட்டார் அதைச் சொல்வதே இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களுக்கோ, அந்தச் சிற்றடியே மூளையுறைக்கு அடியில் மெல்ல இரத்தம் சேரப் போதுமானது. வரும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வெள்ளையாக, சிறியதாக இருக்கும் என்ற அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.