செவ்வாய்க்கிழமை ராத்திரி ஃபுட்பால்: சின்ன காலேஜ் லீக்குக்கு டிவி ஒப்பந்தத்தால என்ன கிடைக்குது?

துறைமுகம்_டர்பன்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் சுத்தி வரும், பொறுத்துக்கங்க. என் பையன் ஒஹையோல ஒரு காலேஜ்ல ரெண்டாவது வருஷம். டர்பன்ல வளந்தவன், ரக்பி தவிர ஒண்ணும் தெரியாது, அங்க போனதும் கைச்செலவுக்காக காலேஜ் ஸ்போர்ட்ஸ் ஆபீஸ்ல கேமரா பிடிக்கிற வேலைக்குச் சேந்துட்டான். வாலிபால், சாக்கர், பாஸ்கெட்பால்னு வாரத்துக்கு ரெண்டு மூணு மேட்ச். எல்லாம் ஈஎஸ்பிஎன் பிளஸ்ல (ஈஎஸ்பிஎன் சேனலோட இன்டர்நெட் சேவை) போகுதுப்பான்னு சொன்னான், நானும் ஆபீஸ்ல பாத்தவங்ககிட்ட எல்லாம் பையன் ஈஎஸ்பிஎன்ல இருக்கான்னு பீத்திக்கிட்டேன்.

இப்ப என்னன்னா, அவங்க காலேஜோட ஹெல்மெட் போட்டு ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் ஒண்ணு பிளஸ் இல்லாம நெஜ ஈஎஸ்பிஎன் சேனல்லயே வருதாம். எப்படான்னு கேட்டா நவம்பர்ல, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரைக்கு. நமக்கு புதன் விடியக்காலை ரெண்டரை. அந்தக் குளிர்ல, மறுநாள் கிளாஸ் இருக்கிற நாள்ல எவன் ஸ்டேடியத்துக்கு வருவான்னு கேட்டா, "யாரும் வரமாட்டாங்கப்பா, அதான் எங்க ஒப்பந்தம்"ங்கிறான். எனக்குப் புரியல. காசுக்கா, இல்ல பேருக்கா? நம்ம யூகேஇசட்என் (க்வாஸுலு-நட்டால் யூனிவர்சிட்டி) பசங்க வார்சிட்டி ஷீல்டு ரக்பில ஆடுறதை டர்பன்லயே பாதிப் பேருக்குத் தெரியாம இருக்கே, அதுவும் இதே கதைதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜோபர்க்_ஐடி:

அண்ணே நான் பத்து வருஷம் அமெரிக்கால குப்பை கொட்டுனவன், இந்த விஷயத்துல கொஞ்சம் பைத்தியம், அதனால நீளமாத்தான் வரும்.

உங்க பையன் இருக்கிறது மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸா இருக்கும், சுருக்கமா மேக். கான்ஃபரன்ஸ்னா வேற ஒண்ணும் இல்ல, ஒரு வட்டாரத்துக் காலேஜ்கள் சேந்து வச்சிருக்கிற லீக், டிவி உரிமையை தனித்தனியா விக்காம ஒரே மூட்டையா கட்டி விப்பாங்க. ஒஹையோல மட்டுமே டொலீடோ, கென்ட் ஸ்டேட், ஆக்ரான்னு ஆறு காலேஜ் அதுல இருக்கு. அதே ஒஹையோலதான் ஒஹையோ ஸ்டேட்டும் இருக்கு, அது பிக் டென்னுங்கிற பெரிய கான்ஃபரன்ஸ்ல. பிக் டென் 2022ல ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூணு பேர்கிட்டயும் போட்ட ஒப்பந்தம் 7 வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல. மேக் 2014ல ஈஎஸ்பிஎன்கிட்ட போட்டது 13 வருஷத்துக்கு, மொத்தமே 10 கோடி டாலர் சொச்சம்னு அப்ப பத்திரிகைல வந்துச்சு. அதை ஒரு டஜன் காலேஜ் பங்கு போட்டா வருஷத்துக்கு ஆளுக்கு பத்து லட்சம் டாலர்கூடத் தேறாது. பெரிய காலேஜ் ஃபுட்பால் கோச்சோட சம்பளம் இதைவிடப் பல மடங்கு.

அப்ப எதுக்கு போட்டாங்கன்னா, சனிக்கிழமைல பெரிய லீக் எல்லாம் காலைலேருந்து நடுராத்திரி வரை சேனலை அடைச்சுக்கும். அங்க போய் கடை போட்டா ஈ ஓட்டணும். நவம்பர்ல செவ்வாயும் புதனும் ஈஎஸ்பிஎன்ல காலி இடம், வேற காலேஜ் ஃபுட்பால் அனேகமா கிடையாது, அன்னிக்கு ஃபுட்பால் பாக்கணும்னு அரிப்பு எடுத்தவன் இதைத்தான் பாத்தாகணும். அதுக்கு "மேக்-ஷன்"னு (மேக்கும் ஆக்‌ஷனும் சேந்தது) செல்லப் பேரே வந்துடுச்சு. ஸ்டேடியத்துல கூட்டம் போனா போகுது, கலிஃபோர்னியால ஒருத்தன் சோஃபால உக்காந்து டொலீடோங்கிற பேரை மூணு மணி நேரம் கேக்குறானே, அதுதான் அவங்க வாங்குன சரக்கு. விலை யாரு கொடுக்கிறதுன்னா ஆடுற பசங்க, பஸ்ல ஊர் திரும்பி விடியக்காலை வந்து இறங்கி எட்டு மணி கிளாஸ்ல தூங்கி விழுவாங்க.

இது எப்பவும் இப்படி இருந்ததில்ல. 1984 வரைக்கும் எந்த காலேஜ் எத்தன தடவ டிவில வரலாம்னு காலேஜ் விளையாட்டை எல்லாம் நடத்துற என்சிஏஏ சங்கம்தான் முடிவு பண்ணும். 1981ல ஒரே நாள்ல ஏபிசி ரெண்டு மேட்ச் போட்டுச்சு. ஓக்லஹோமாவும் யூஎஸ்சியும் ஆடுனது 200 நிலையத்துல போச்சு, சிட்டடெலும் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் ஆடுனது வெறும் 4 நிலையத்துல. நாலு காலேஜுக்கும் ஒரே காசு! பெரியவங்களுக்கு வயிறு எரியுமா எரியாதா. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் கோர்ட்டுக்குப் போச்சு, 1984ல சுப்ரீம் கோர்ட் 7-க்கு 2-ன்னு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அன்னிலேருந்து அவனவன் சரக்கை அவனவன் வித்துக்கலாம், சின்னவன் பாடு திண்டாட்டம்.

ஒரு கூத்து சொல்றேன். அதே அப்பலாச்சியன் ஸ்டேட் 2007 செப்டம்பர் 1ல மிச்சிகன் ஊருக்கே போய் 34-32ன்னு ஜெயிச்சுச்சு. மிச்சிகன் அப்ப நாட்டுலயே 5ஆம் இடம், இவங்க ஒரு படி கீழ இருக்கிற டிவிஷன், 4 லட்சம் டாலர் கூலிக்கு அடி வாங்க வந்தவங்க. அந்த மேட்ச் போனது பிக் டென்னோட சொந்த சேனல்ல, அது ஆரம்பிச்சு ரெண்டே நாள் ஆகியிருந்துச்சு, பாதி வீட்டு கேபிள்ல அது வரவே இல்ல. காலேஜ் ஃபுட்பால்லயே பெரிய அதிர்ச்சின்னு இன்னிக்கும் பேசுற மேட்ச், நேரா பாத்தவன் கொஞ்சம் பேர்தான்.

மோபெனி_பெரியவர்:

தம்பிகளா, நான் இங்கேயே பொறந்தவன், தமிழ் பள்ளிக்கூடத்துல சாயங்காலம் படிச்ச தமிழ், தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

நீங்க டிவில வரல வரலன்னு சொல்றீங்க. இந்த நாட்டுல டிவியே 1976 ஜனவரிலதான் வந்துச்சு. அப்ப சனிக்கிழமை டர்பன் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்துல ஃபெடரேஷன் லீக் ஃபுட்பால், அதாவது சாக்கர், இந்தியர், கலர்ட்னு சொல்ற கலப்பினத்தார், ஆப்பிரிக்கர் எல்லாரும் கலந்து ஆடுவாங்க, மரத்து மேல எல்லாம் ஆளு ஏறி உக்காந்திருக்கும். எங்க அப்பா என்னைத் தோள்ல வச்சுக்கிட்டு காமிப்பாரு. கையில பன்னி சாவ் (குடைஞ்ச பிரெட்டுக்குள்ள குழம்பு ஊத்துனது), குழம்பு என் சட்டையெல்லாம் வழியும், வீட்டுக்குப் போனா ஆயா திட்டும். அந்தக் கூட்டத்தை டிவிக்காரன் எட்டிப் பாத்தானா? மாட்டான். நிறவெறி அரசோட விளையாட்டை எதிர்த்து நின்ன சேக்காஸ் சங்கத்துக்காரங்களும் அவன் கதவைத் தட்டல, அசாதாரண சமுதாயத்துல சாதாரண விளையாட்டு கிடையாதுன்னு உறுதியா நின்னாங்க. அதனால இன்னிக்கு என் பேரன்கிட்ட அந்த ஆட்டக்காரங்க எப்படி ஆடுனாங்கன்னு காட்ட ஒரு துண்டு படம் என்கிட்ட இல்ல. வாயால சொல்றேன், அவன் போனைப் பாத்துக்கிட்டே தலையாட்டுறான்.

மேனிங் ரேஞ்சர்ஸ் 1996-97ல நாட்டோட பெரிய சாக்கர் லீக்கான பிஎஸ்எல்லோட முதல் கோப்பையை ஜெயிச்சப்பதான் நம்ம ஊர் டீமை நாடே டிவில பாத்துச்சு. அது வரைக்கும் 1928லேருந்து அந்த கிளப் இருந்துச்சுன்னு ஜோபர்க்ல எத்தன பேருக்குத் தெரியும்?

காலி ஸ்டேடியத்துல டிவி இருக்கிறது நல்லதா, நிறைஞ்ச ஸ்டேடியத்துல டிவி இல்லாதது நல்லதான்னு என்னைக் கேட்டா நான் ரெண்டாவதுதான் சொல்வேன். ஆனா எனக்கு வயசாயிடுச்சு, நான் அப்படித்தான் சொல்வேன்.

ஓபி_வேன்_கேப்டவுன்:

பெரியவரே, படிச்சதும் மனசு என்னமோ ஆயிடுச்சு.

நான் அவுட்சைட் பிராட்காஸ்ட் (மைதானத்துக்கே வேன் கொண்டு போய் ஒளிபரப்புறது) வேலைல இருக்கேன். நம்ம யூனிவர்சிட்டி ரக்பி போட்டியான வார்சிட்டி கப் கதையும் மேக் கதைதான். 2008ல ஆரம்பிச்சப்போ திங்கக்கிழமைன்னு வச்சாங்க, ஏன்னா வெள்ளி சனி எல்லாம் பெரிய ரக்பிக்குப் போயிடும், திங்கக்கிழமை சூப்பர்ஸ்போர்ட் சேனல்ல இடம் இருக்கும். ஒரே வித்தியாசம், நம்ம ஆளுங்க அதை காலேஜ் திருவிழாவா மாத்திட்டாங்க, ஸ்டெலன்போஷ்ல திங்க ராத்திரி பசங்க கூட்டம் அலைமோதும். 2011ல ரெண்டாவது டிவிஷனா ஷீல்டு வந்துச்சு, யூகேஇசட்என், ஃபோர்ட் ஹேர், வால்டர் சிசுலு எல்லாம் அங்கதான். ரெண்டும் ஒரே குடும்பம், ஒரே ஸ்பான்சர், ஆனா எல்லா கேமராவும் கப் மேட்ச் பக்கம்தான் திரும்பி நிக்கும்.

ஒரு விஷயம் வெளியாளுங்களுக்குத் தெரியாது: கேமரா எத்தனங்கிறதுலயே எந்த மேட்ச் பெருசுன்னு முடிவாயிடும். பெரிய ரக்பி டெஸ்ட் மேட்ச்சுக்கு இருபதுக்கு மேல கேமரா. சின்ன மேட்ச்னா மூணோ நாலோ. மூணு கேமரா வச்சு எடுத்தா டிரை (சாக்கர்ல கோல் மாதிரி) விழுந்ததைக் காட்டலாம், அதைப் போட்டவன் மூஞ்சியைக் காட்ட முடியாது, ஆஃப்சைடுக்கு ரீப்ளே கிடையாது. பாக்குறவனுக்கு ஆட்டமே மட்டமா இருக்கிற மாதிரி தோணும். ஆட்டம் மட்டம் இல்ல, கேமரா கம்மி.

ஈஎஸ்பிஎன் பிளஸ்ல இன்னொரு வேடிக்கை. பெரிய சேனலுக்குப் போற மேட்ச்சுக்கு சேனல்காரன் வேன், ஆளு, கமெண்ட்ரி எல்லாம் கொண்டு வருவான். பிளஸ்ல போற மேட்ச்சுல பெரும்பாலும் காலேஜே கேமரா வாங்கி, கன்ட்ரோல் ரூம் கட்டி, பசங்களை வச்சு எடுத்துக் கொடுக்கணும். ஒப்பந்தத்துல வர காசுல ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போயிடும். துறைமுகம் அண்ணே, உங்க பையன் வேலை இருக்கே, அந்த ஓட்டையை அடைக்கிற வேலைதான். குறைச்சு சொல்லல, நானும் அப்படி வந்தவன்தான்.

பீனிக்ஸ்_அக்கா:

எல்லாரும் ஆம்பளைங்க ஆட்டத்தையே பேசுறீங்க, போகட்டும். என் பொண்ணு யூனிவர்சிட்டில நெட்பால் ஆடுறா, அதனால என் கணக்கு வேற. பிளஸ் மாதிரி வந்ததால வாலிபால், பொம்பளப் பிள்ளைங்க சாக்கர் எல்லாம் எங்கயாவது பாக்க முடியுதில்ல? முன்னாடி அது எந்த சேனல்லயும் வராது. சனிக்கிழமை பெரிய சேனல்னு கனவு காணாம, ஊர்ல இருக்கிற பாட்டி லிங்கைத் தொட்டு பேத்தி ஆடுறதைப் பாத்தா போதாதா? 2024ல அமெரிக்கால பொம்பளைங்க காலேஜ் பாஸ்கெட்பால் ஃபைனலை 1 கோடியே 89 லட்சம் பேர் பாத்தாங்க, ஆம்பளைங்க ஃபைனலை விட அதிகம். டிவில காட்டுனா ஜனம் பாக்கும், காட்டாம இருந்துட்டு யாரும் பாக்கலன்னு சொல்றது என்ன நியாயம்?

ஜோபர்க்_ஐடி:

அக்கா சொல்றது சரிதான், ஆனா முழுசா இல்ல. பாட்டிக்கு லிங்க் இருக்கு, பாட்டி தேடி வந்து பாப்பாங்க. ஆனா தேடாதவன் கண்ணுல படுறதுக்குப் பேருதான் வெளிச்சம். சேனல் மாத்திக்கிட்டே வரும்போது தற்செயலா நின்னு பாக்குறானே, அவன் பிளஸ்ல கிடையாது. பேர் தெரிஞ்சு தட்டினாத்தான் வரும், பேர் தெரியாததுதான் சின்ன லீக்கோட நோயே. பட்டியல்ல பாத்தா ஆயிரக்கணக்கான மேட்ச் டிவில வருதுன்னு கான்ஃபரன்ஸ் பெருமையா அறிக்கை விடும், அது கணக்குக்கு சரி.

சின்னவங்களுக்கு பெரிய நாள் எல்லாம் அடுத்தவன் ஒப்பந்தத்துலதான் வந்திருக்கு, கவனிச்சுப் பாருங்க. ஃபுட்பால்ல உரிமை பொதுவா யார் மைதானமோ அவங்க கான்ஃபரன்ஸுக்கு. 2024 செப்டம்பர்ல மேக் டீம் நார்தர்ன் இலினாய், பெரிய டீமான நோட்ர டேமை அவங்க ஊர்லயே 16-14ன்னு கவுத்துச்சு, அது போனது என்பிசில, நோட்ர டேம் ஒப்பந்தத்துல. தோக்கறதுக்குன்னு 14 லட்சம் டாலர் வேற வாங்கிட்டு வந்திருந்தாங்க. எத்தன செவ்வாய்க்கிழமை ஆடுனாலும் அந்த ஒரு மத்தியானம் வாங்கிக் கொடுத்த பேர் வராது.

அந்த வெளிச்சம் வந்தாலும் நிக்குமான்னா அதுவும் சந்தேகம். 2022 மார்ச் பாஸ்கெட்பால்ல ஜெர்சி சிட்டில இருக்கிற செயின்ட் பீட்டர்ஸ்னு ஒரு குட்டி காலேஜ், 15ஆம் தரவரிசைல வந்து கென்டக்கியை 85-79ன்னு அடிச்சு கடைசி எட்டு வரை போச்சு. நாடே கொண்டாடுச்சு. சீசன் முடிஞ்ச கையோட கோச் செட்டன் ஹால் போயிட்டாரு, முக்கியமான பசங்க பலர் வேற காலேஜுக்கு மாறிட்டாங்க. டிவி காட்டிக் கொடுத்துச்சு, பெரியவன் வந்து அள்ளிட்டுப் போனான்.

துறைமுகம்_டர்பன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியவரே, அடுத்த வாரம் மோபெனி பக்கம் வேலை இருக்கு, வந்து பாக்குறேன், பன்னி சாவ் என் செலவு.

மேட்ச் நடந்த ராத்திரி என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன். பிளஸ் இங்க திறக்காது. சேனல்லயாவது வருதான்னு ரெண்டே காலுக்கே எழுந்து உக்காந்தோம், என் வீட்டம்மா டீ எல்லாம் போட்டாச்சு, டிவில வேற ஏதோ ஓடுது. பையனுக்கு போன் போட்டா ஒரு நாலு நிமிஷம் வீடியோ கால்ல மைதானத்தைக் காட்டுனான். ஸ்டாண்டுல ஆள் அங்கொண்ணு இங்கொண்ணு, கம்பளி போத்திக்கிட்டு. அவன் கையில கேமரா இல்ல. ஓபி வேன் தம்பி சொன்ன மாதிரி சேனல்காரங்க சொந்த ஆளோட வந்துட்டாங்களாம், இவனுக்கு சைடு லைன்ல கேமராமேன் பின்னாடி கேபிளைச் சுருட்டிக்கிட்டே ஓடுற வேலை. வாலிபால் எடுக்கும்போது நான்தாம்பா மெயின் கேமரா, ஆனா அதைப் பாக்க இருபது பேர்கூட இருக்க மாட்டாங்கன்னு சிரிக்கிறான்.

வீட்டம்மா ஒரே கேள்விதான் கேட்டா, கையுறை போட்டிருக்கியாடான்னு. போடலயாம், கேபிள் வழுக்குதாம்.

ஓபி_வேன்_கேப்டவுன்:

அண்ணே, உள்ளங்கைல ரப்பர் ஒட்டுன தோட்ட வேலை கையுறை வாங்கிக்கச் சொல்லுங்க, ஹார்ட்வேர் கடைல கிடைக்கும். கேபிளை எட்டு போடுற மாதிரி மாத்தி மாத்தி சுத்தச் சொல்லுங்க, ஒரே பக்கமா சுத்துனா முறுக்கிக்கிட்டு அடுத்த தடவ அவன் காலையே வாரிவிடும்.