ரிலே என்பதற்கு ‘அஞ்சல் கணு’ என்றே எடுக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்,

யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பில், செய்தியை வாங்கி அடுத்ததிடம் தள்ளிவிடும் கணினியைத்தான் ரிலே என்கிறோம். தன்னார்வலர்கள் நடத்தும் இந்த ரிலேவைத் தமிழில் என்னவென்று சொல்வது என்ற பேச்சு நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்தவை கடத்தி, தொடர்கணு, கைமாற்றி, இடைவழங்கி. (கணு என்றால் வலையமைப்பில் இணைந்த ஒரு கணினி, வழங்கி என்றால் சர்வர்.) ரிலே என்றே விட்டுவிடலாம் என்றும் ஒரு கருத்து இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் இந்தக் கணினியை நடத்துகிறவர் அது என்ன செய்கிறது என்பதை வீட்டுக்காரருக்கும் இணையச் சேவை தருபவருக்கும் சில சமயம் காவல்துறைக்கும் விளக்க வேண்டியிருக்கும், அந்த விளக்கத்தில் பாதியைப் பெயரே செய்துவிட்டால் நல்லது.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். டோர் உலாவியில் ஒரு தளத்தைத் திறந்தால் கோரிக்கை நேராக அங்கே போவதில்லை. உலகெங்கும் இயங்கும் பல ஆயிரம் ரிலேக்களிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து, செய்தியை மூன்று அடுக்காக மறையாக்கி முதலாவதிடம் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் தனக்குரிய அடுக்கை மட்டும் உரித்துவிட்டு மிச்சத்தை அடுத்ததிடம் தள்ளிவிடும். (‘தி ஆனியன் ரவுட்டர்’ என்பதன் சுருக்கம்தான் டோர், அந்தப் பெயரில் வெங்காயம் வந்தது இதனால்தான். 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை, டோர் மென்பொருளாக வெளிவந்தது 2002-இல்.) முதலாவதற்குக் கேட்பவரின் ஐபி முகவரி (இணையத்தில் அவர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரியும், அவர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று தெரியாது. கடைசியில் இருப்பதற்குத் தளம் தெரியும், கேட்டவர் யார் என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது.

ஆனால் தளத்தின் பதிவேட்டில் விழுவது கடைசி ரிலேயின் முகவரி. யாரோ எழுதியதற்கு, யாரோ தரவிறக்கியதற்குப் புகார் வந்து நிற்பது அதை நடத்துகிறவரின் வாசலில். 2017-இல் மாஸ்கோவில் ஒரு கணித ஆசிரியரைக் கைது செய்தார்கள். அவர் நடத்திய கடைசி ரிலேயின் முகவரியிலிருந்து வந்த பதிவுகளுக்காக மாதக்கணக்கில் சிறையிலும் வீட்டுக்காவலிலும் இருந்தார், மறுவருடம்தான் வழக்கைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து லெபனான் என்ற சிற்றூரில் கில்டன் பொது நூலகம் 2015-இல் ஒரு ரிலே வைத்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து உள்ளூர்க் காவல்துறைக்குச் சேதி போக, நூலகம் அதை நிறுத்தி வைத்தது. பிறகு ஊர்மக்கள் கூட்டத்துக்கு வந்து ஆதரித்துப் பேசினார்கள், நிர்வாகக் குழுவும் தொடர்ந்து நடத்துவது என்று முடிவு செய்தது. அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள் எல்லோரும் மென்பொருள் தெரிந்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் புரிகிற சொல்தான் நமக்கும் வேண்டும்.

இந்தக் கண்ணோட்டத்தில் ‘கடத்தி’யைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாடநூலில் அது மின்சாரத்தைக் கடத்தும் பொருள், சரிதான். செய்தித்தாள் படிக்கிறவருக்கோ கடத்தல் என்றால் தங்கமும் ஆளும்தான். ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கப்படும் ஒரு தொண்டுக்கு அந்தப் பெயரை நாமே சூட்டக் கூடாது. ‘தொடர்கணு’வில் பின்தொடர்வதன் நிழல் இருக்கிறது, பின்தொடராமல் இருக்கவே கட்டிய வலையமைப்புக்கு அது ஆகாது. ‘கைமாற்றி’ நல்ல சொல், ஆனால் பேச்சில் கைமாத்து என்றால் அவசரத்துக்கு வாங்கும் கடன். ‘இடைவழங்கி’யில் வழங்கி என்பது உறுத்துகிறது, ரிலே தன்னிடம் எதையும் வைத்துக்கொண்டு வழங்குவதில்லை.

அஞ்சல் என்ற சொல்லில் வேண்டிய பொருள் ஏற்கெனவே இருக்கிறது. இலங்கையில் ரிலே பந்தயத்தை அஞ்சல் ஓட்டம் என்றே சொல்கிறார்கள். ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை வானொலியில் அஞ்சல் செய்வது என்பார்கள். திருவிதாங்கூரில் அஞ்சல் என்ற பெயரிலேயே தபால் அமைப்பு இருந்தது, 1951-இல்தான் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அந்த எல்லைக்குள். மணி கட்டிய கோலோடு ஓடி வரும் அஞ்சற்காரர் பையை அடுத்த இடத்தில் ஒப்படைப்பார், உள்ளே இருக்கும் கடிதங்களைப் படிப்பது அவர் வேலை அல்ல. ரிலே நடத்துகிறவரின் நிலையும் இதுதான், இதைவிட ஒருபடி மேலே, படிக்க நினைத்தாலும் முதலிலும் நடுவிலும் இருப்பவரால் முடியாது. கடைசியில் இருப்பவர் மட்டும், தளம் மறையாக்கம் இல்லாமல் இயங்கினால், உள்ளடக்கத்தைப் பார்க்க முடியும். இதை நம் விளக்கக் குறிப்பில் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

அஞ்சல் என்றால் மின்னஞ்சலோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி, அதுவும் எரிதங்களுக்கு (வேண்டாத விளம்பர மின்னஞ்சல்களுக்கு) பயந்து மின்னஞ்சல் வழங்கி என்றாலே முகம் சுளிக்கும் நிறுவனங்களிடம் இடம் வாடகைக்குக் கேட்கப் போகிறோம். அதனால்தான் அஞ்சல் வழங்கி என்று சொல்லாமல் அஞ்சல் கணு என்கிறேன். கணு என்பதை மின்னஞ்சலோடு யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அப்புறம், கடைசி ரிலேயின் இயல்பான அமைப்பே எரிதங்களைத் தடுக்க, மின்னஞ்சல் அனுப்பப் பயன்படும் 25-ஆம் எண் வாயிலை (போர்ட்) அடைத்துத்தான் வைத்திருக்கிறது. இதையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

மூன்று வகைகளுக்கும் புதிதாக எதுவும் தேட வேண்டாம், முதல், இடை, கடை என்று நம்மிடம் பழைய வரிசை இருக்கிறது. முதற்கணு, இடைக்கணு, கடைக்கணு. முதலாவதன் ஆங்கிலப் பெயரான ‘கார்ட்’ (guard) என்பதைப் பின்பற்றி ‘காவல் கணு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் காவல்துறையின் கணினி என்றுதான் எனக்குத் தோன்றியது. முதற்கணுவை உலாவி அடிக்கடி மாற்றாமல் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும், அடிக்கடி மாற்றினால் என்றாவது ஒருநாள் கண்காணிப்பவர் நடத்தும் கணுவில் போய் விழ வாய்ப்பு கூடிவிடும். இந்தக் காவல் பொருள் பெயரில் வராமல் போவது ஒரு குறைதான், ஆனாலும் ஏற்கலாம். ஆங்கிலத்தில் பிரிட்ஜ் எனப்படும் இன்னொரு வகை பாலம் என்றே இருக்கட்டும். மற்றக் கணுக்களின் பட்டியல் பொதுவில் கிடைப்பதால் தடுக்க நினைக்கும் அரசு அதை அப்படியே எடுத்துத் தடுத்துவிடலாம், பட்டியலில் வராத முதற்கணுதான் பாலம்.

இந்தியாவில் இருந்து நடத்த நினைப்பவர்களுக்கு ஒன்று. வீட்டு இணைப்பில் பலருக்குத் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, அதனால் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது, கணு ஓடாது. வாடகை வழங்கி எடுத்தால், 2022-இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி உங்கள் பெயர், முகவரி விவரங்களை அந்த நிறுவனம் ஐந்து வருடமாவது வைத்திருக்க வேண்டும். தெரிந்தே இறங்குங்கள். எடுத்த எடுப்பில் கடைக்கணு வேண்டாம், இடைக்கணுவில் தொடங்குங்கள், புகார் வருவது மிக அரிது. அதுவும் முடியாதவர்கள் உங்கள் உலாவியையே தற்காலிகப் பாலமாக்கும் ஸ்னோஃபிளேக் என்ற உலாவி நீட்சியை நிறுவினால் போதும், தனி ஐபி முகவரி இல்லாத இணைப்பிலும் அது ஓடும், இணையம் தடுக்கப்பட்ட நாட்டில் இருக்கும் ஒருவருக்கு அதுவே வழி.

கடைக்கணு நடத்துகிறவர்கள் அந்த முகவரிக்கு வருபவர்கள் பார்க்கும்படி ஒரு அறிவிப்புப் பக்கம் வைப்பது வழக்கம். நாம் முதலில் தமிழாக்க வேண்டியது அதைத்தான். என் வரைவின் தொடக்கம் இது:

“இந்த முகவரியில் இயங்குவது டோர் வலையமைப்பின் கடைக்கணு. இங்கிருந்து வந்த கோரிக்கையை அனுப்பியவர் இதை நடத்துபவர் அல்ல. கோரிக்கையைத் தொடங்கியவர் யார் என்பது இந்தக் கணினிக்குத் தெரியாது, அதைக் காட்டும் பதிவு எதுவும் இங்கே இல்லை.”

‘கோரிக்கை’க்குப் பதில் ‘வேண்டுகை’ சரியாக வருமா? திருத்தங்கள் இருந்தால் வரைவிலேயே குறித்து அனுப்புங்கள்.