புதுப்பிப்பு: ஜூமில் எக்செல் பயிற்சி, கடைசியில் எது பலித்தது

ஆன்லைனில் பி.காம் படிப்பவர்களுக்கு ஜூமில் எக்செல் சொல்லித்தருகிறேன், திரையைப் பகிர்ந்து செய்துகாட்டிவிட்டு "புரியுதா?" என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது இதுதான்: மூன்று மூன்று பேராக பிரேக்அவுட் அறைகளில் (ஒரே ஜூம் வகுப்புக்குள் பிரித்துவிடும் தனித்தனிச் சிறு அறைகள்) விட்டு, மாணவரையே திரை பகிரச் சொல்லும் யோசனை. எல்லோரும் இருக்கும்போது ஹலோகூடச் சொல்லாத ஒரு பெண், "அண்ணா, விலுக்கப்ல கடைசியா ஃபால்ஸ் போடலை, அதான் வேற விலை வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார் (விலுக்கப் என்பது பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய மதிப்பை எடுத்துத்தரும் எக்செல் சூத்திரம், கடைசியில் ஃபால்ஸ் போட்டால்தான் சரியாகப் பொருந்துவதை மட்டும் எடுக்கும்). உள்ளே நுழைந்த எனக்கு அங்கே வேலையே இல்லை.

கேமராவை அணைக்கச் சொன்னது மொபைல் டேட்டாக்காரர்களுக்கு நிம்மதி, ஆனால் அதனால் யாரும் பேசத் தொடங்கவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று, மாணவர்களின் மின்னஞ்சலை வைத்து அறைகளை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால் அதே மின்னஞ்சலில் ஜூமில் உள்நுழைந்து வருபவர்தான் தன் அறைக்குப் போவார், வெறும் லிங்க்கைத் தட்டி வந்தவர்களை நாமே கையால் அனுப்ப வேண்டும். அப்புறம், கிளவுட் ரெக்கார்டிங்கில் (ஜூம் தன் சர்வரிலேயே சேமிக்கும் பதிவு) முதன்மை அறை மட்டும்தான் பதிவாகும். அதனால் இப்போது கடைசிப் பத்து நிமிடம் எல்லோரையும் திரும்ப அழைத்து, ஒரு குழுவை மறுபடி செய்துகாட்டச் சொல்கிறேன், வராதவர்கள் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.