பேட்ஜ் மட்டும் டூட்டி பார்த்த கதை

திருவொற்றியூர் எக்ஸ்ரே டெக்னீஷியன்:

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடும் வரை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் குறையாது. அப்படி ஒரு பிஸியான நாளில், கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரியான ஆர்எஸ்ஓ சார் கூப்பிட்டார். "தம்பி, மூணு மாசத்துக்கு உன் பேட்ஜ்ல 12 மில்லி சீவெர்ட் காட்டுது. என்னப்பா பண்ணே?"

அடிவயிறு கலங்கிவிட்டது. பேட்ஜ் என்பது வேலை நேரத்தில் நாங்கள் அணியும் டிஎல்டி; உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லி சீவெர்ட் என்ற அளவில் கணக்கு வைப்பது அதுதான். ஒரு காலாண்டில் 10ஐத் தாண்டினாலே விசாரணை. வருஷத்துக்கு 20 என்பது ஐந்து வருஷச் சராசரி. எந்த வருஷமும் 30ஐத் தாண்டக் கூடாது. எனக்கு அதுவரை வந்ததெல்லாம் புள்ளி ஒன்று, புள்ளி இரண்டுதான். டிஎல்டி அலாரம் அடிக்கிற சாதனமும் இல்லை. உள்ளே இருக்கும் மூன்று வில்லைகளை லேபில் சூடுபடுத்தி, அவை விடும் ஒளியை அளந்தால்தான் கணக்கு தெரியும். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். வீட்டில் மூச்சு விடவில்லை. கொருக்குப்பேட்டை கேட்டில் ரயிலுக்கு நிற்கும்போதெல்லாம் இதே நினைப்புதான்.

சார் திட்டவில்லை. ஒரு நாள் முழுக்க ரூமிலேயே உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்தார். சாயங்காலம் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரானைக் கழற்றி, நெஞ்சு எக்ஸ்ரேக்கு நோயாளி நிற்கும் செஸ்ட் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினேன். பேட்ஜ் அதிலேயே இருந்தது. "தினமும் இப்படித்தானா?" என்றார். தினமும் இப்படித்தான். நான் வீட்டில் தூங்கும்போது நைட் ஷிஃப்ட் எடுத்த செஸ்ட் எக்ஸ்ரே எல்லாம் என் கணக்கில் ஏறியிருக்கிறது.

அதோடு விட்டாரா? கொக்கி வரைக்கும் எக்ஸ்ரே பீம் ஏன் வருகிறது என்று, அதன் அகலத்தைக் கட்டுப்படுத்தும் காலிமேட்டரைப் பார்த்தார். எல்லா நோயாளிக்கும் முழுசாகத் திறந்தே வைத்திருந்தோம். அதற்கு வாங்கிய திட்டு தனி. அந்த 12 என் உடம்பில் பட்டதல்ல என்று எழுதி விசாரணையை முடித்தார்கள்.

ராயபுரம் ஸ்டாஃப் நர்ஸ்:

உங்கள் பேட்ஜாவது ரூமில் இருந்தது, தம்பி. எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இதய ரத்தக்குழாயைச் சோதிக்கும் எங்கள் கேத் லேபில், சீனியர் அண்ணன் ஒருவர் பேட்ஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார். பேட்ஜில் டோஸ், அதாவது கதிர்வீச்சு அளவு, ஏறினால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள், கேஸுக்கு இவ்வளவு என்று வரும் காசு போய்விடும் என்ற பயம். "பாரும்மா, எனக்கு எப்பவும் சைபர்தான்" என்று பெருமை வேறு. டேபிளுக்கு ஒட்டி நின்று நாளுக்கு ஏழெட்டு ஆஞ்சியோ பார்க்கிறவருக்கு எப்படி சைபர் வரும்? கேட்டால் சிரிப்பார்.

எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. நாள் தள்ளிப்போனது உறுதியானதும் இன்சார்ஜ் அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, குழந்தைக்கு 1 மில்லி சீவெர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அக்கா முணுமுணுத்தார், ஆனால் மறுநாளே ஓபி டூட்டி போட்டுவிட்டார்.

வியாசர்பாடி கான்ட்ராக்ட் டெக்னீஷியன்:

ஆஸ்பத்திரி மாறுகிறவர்கள் பழைய டிஎல்டி நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். என்னைப் புது ஆள் மாதிரி பதிந்து வேறு நம்பர் கொடுத்துவிட்டார்கள், ஆறு வருஷக் கணக்கு தனியாகத் தொங்கியது. ஒன்றாகச் சேர்க்க நாலு கடிதம் எழுத வேண்டியிருந்தது. இப்போது அந்த நம்பரை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.