எட்டு டிஸ்க்கும் ஒரு வயரும்: வீட்டுச் சர்வர் கட்டிய அனுபவங்கள்

வில்லாபுரத்திலிருந்து

வீட்டில் பெரிய சர்வர், அதாவது எல்லாக் கோப்பையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் கணினி, கட்டுகிறேன் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி, "எந்த டிஸ்க் வாங்கலாம்?" என்பதுதான். நானும் அதைத்தான் இரண்டு மாதம் கேட்டுத் திரிந்தேன். ஆனால் எனக்கு அடி விழுந்தது டிஸ்க்கில் இல்லை, டிஸ்க்குக்குக் கரண்ட் கொண்டுபோகிற வயரில். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா முப்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம், மேலூரில் காதுகுத்து, ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம், சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவது என்று எடுத்ததெல்லாம் மினிடிவி என்ற சின்ன வீடியோ கேசட்டாக இரண்டு பீரோ நிறைய இருந்தது. எண்ணிப் பார்த்தால் 1,400 சொச்சம். ஒரு மணி நேரக் கேசட்டை ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினியில் அப்படியே இறக்கினால் 13 ஜிபி வரும். ஆக, அப்பாவின் கேசட் மட்டுமே 18 டெராபைட். நானும் தம்பியும் இப்போது எடுக்கிற 4கே வேலைகள் இன்னொரு 12. இதில் இறக்கியதெல்லாம் பதினோரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பிரிந்து கிடந்தன. எதில் எது இருக்கிறது என்பதற்கு ஒரு நோட்டு. ஒருநாள் தம்பி மகன் வயரில் கால் தடுக்கி, ஒரு டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்து டக் டக் என்று அடிக்க ஆரம்பித்தது. அதிலிருந்த நான்கு கல்யாணமும் போச்சு. ஒரு வீட்டில் பெண்ணின் தாத்தா அதற்கப்புறம் இறந்துவிட்டார். அவர் பேத்தியை ஆசீர்வாதம் பண்ணியது அதில் மட்டும்தான் இருந்தது. அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்த அன்றுதான் சர்வர் கட்டுவது என்று முடிவெடுத்தேன்.

8 டெராபைட் டிஸ்க் எட்டு. நான்கை மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் வாங்கினேன், நான்கைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். ஒரே பெட்டியில் வந்த எட்டும் ஒரே மாதிரிக் குறையோடு வந்திருந்தால் ஒன்றாகவே படுத்துவிடும் என்ற பயம்தான் காரணம். வாங்கும்போது, டேட்டா எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகைதானா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்ஆர் வகையில் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரு ஓட்டை மாற்ற அடுத்த வரிசையையும் கலைக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான். செத்த டிஸ்க்குக்குப் பதில் புதுசு போட்டுத் திரும்ப நிரப்பும்போது நாள்கணக்கில் இழுக்கும். நாஸ், அதாவது இப்படிச் சேமிப்புச் சர்வருக்கான டிஸ்க் என்று விற்கப்பட்ட சில மாடல்களிலேயே இதைச் சொல்லாமல் விற்றார்கள் என்று 2020-ல் தெரியவந்தது.

வாங்கியதும் ஒவ்வொன்றையும் முழுக்க எழுதி, முழுக்கப் படித்துச் சோதித்தேன். பேட்பிளாக்ஸ் என்ற சோதனை மென்பொருள் நான்கு முறை எழுதி நான்கு முறை படிக்கும். 8 டெராபைட்டுக்கு நான்கைந்து நாள் ஆகும். பொறுமை வேண்டும். ஆனால் எனக்கு மூன்றாம் நாளே ஒரு டிஸ்க்கில் பென்டிங் செக்டர், அதாவது சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடம், 16 என்று காட்டியது. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே கேசட்டை ஏற்றிய பிறகு தெரிந்திருந்தால்?

மெஷின் பழைய நான்காம் தலைமுறை ஐ5. போர்டில் போர்ட் போதாது என்பதால் எட்டு டிஸ்க் மாட்டும் எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டு ஒன்றை, டிஸ்க்குகளை அப்படியே மென்பொருளிடம் விடும் ஐடி மோடுக்கு மாற்றிப் போட்டேன். அந்தக் கார்டு சர்வர் பெட்டிக்குள் அடிக்கிற காற்றை நம்பிச் செய்தது, சாதாரணக் கேபினெட்டில் கை வைக்க முடியாத அளவு சுடும். மேலே ஒரு சின்ன ஃபேன் கட்டிவிடுங்கள். மென்பொருள் ட்ரூநாஸ், உள்ளே கோப்புகளை டிஸ்க்குகளில் பரப்பி எழுதும் இசட்எஃப்எஸ், அதில் ரெய்டு இசட்2 என்ற அமைப்பு. எட்டில் எந்த இரண்டு போனாலும் தாங்கும். ஆறு டிஸ்க் அளவு, அதாவது 48 டெராபைட் கைக்கு வரும். திரையில் 43-க்கும் குறைவாகத்தான் காட்டும். கடைக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024-ஆக எண்ணுகிறது, வித்தியாசம் பெரும்பாலும் அதனால்தான்.

கணினிக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வந்த, டிஸ்க்கில் மாட்டும் சாட்டா பவர் முனைகள் ஐந்துதான். எட்டுக்கு எங்கே போக? கடையில் கேட்டேன், ஒன்றை நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயரை எடுத்துக் கொடுத்தார்கள், விலை டீச்செலவு மாதிரி. மாட்டினேன், எட்டும் சுற்றின, மறந்துவிட்டேன்.

சித்திரை வெயில் வந்தது. மாடி அறையில் நடு டிஸ்க் இரண்டும் 52 டிகிரி காட்டவே, மெஷினைக் கீழே மாடிப்படிக்கு அடியில் இறக்கினேன். 43-க்கு வந்தது. முன்பக்கம் கொசுவலைத் துணியை வெட்டித் தூசிக்கு வைத்தேன். எல்லாம் சரி என்றுதான் இருந்தேன்.

ஒரு ராத்திரி ஒன்றரை மணி. தம்பி எடிட் பண்ணிக்கொண்டிருந்தவன் வந்து எழுப்பினான், "அண்ணே, ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது." பார்த்தால் இரண்டு டிஸ்க் காணோம். பதறிக்கொண்டு பட்டியலைப் படிக்கும்போதே மூன்றாவதும் போனது. இரண்டைத்தான் தாங்கும் என்று மேலே எழுதினேனே. மூன்றாவது போனதும் இசட்எஃப்எஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்படியே உறைந்து நின்றது. சத்தம் கேட்டு அப்பா டார்ச்சோடு வந்து மாடிப்படியில் நின்றார். "எல்லாம் இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாயே வரவில்லை.

மெஷினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாகக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை நோட்டில் எழுதினேன். எட்டிலும் கெட்ட செக்டர் பூஜ்யம், பென்டிங் பூஜ்யம். ஆரோக்கியமான டிஸ்க் எப்படிக் காணாமல் போகும்? எழுதியதை மறுபடி பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பவர் சைக்கிள் என்று ஒரு எண், டிஸ்க்குக்குக் கரண்ட் எத்தனை முறை போய் வந்தது என்ற கணக்கு. நான்கு டிஸ்க்கில் 41. மற்ற நான்கில் 190-க்கு மேல். ஒரே பெட்டி, ஒரே ஸ்விட்ச், எப்படி இந்த வித்தியாசம்? அந்த நான்கும் ஸ்ப்ளிட்டரில் தொங்கியவை.

ஸ்ப்ளிட்டரின் தாய் முனையைப் பிடுங்கினேன். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் டீக்கறை மாதிரி பழுத்திருந்தது. உள்ளே மஞ்சள் வயர் வந்து சேர்கிற இடத்தில் ஒரு பின் கருத்து, லேசாகச் சாய்ந்து நின்றது. மூக்கருகில் கொண்டுபோனால் தீய்ந்த வாடை.

கணக்கு இதுதான். ஒரு சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 தாங்கும். ஒரு 3.5 இஞ்ச் டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுற்ற ஆரம்பிக்கும் சில நொடிகள் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் 8. தாங்குவது நாலரை, போவது எட்டு. அதோடு எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் முழுக்க இருக்கும். இன்வர்ட்டர் பேட்டரி சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும், கரண்ட் வந்ததும் எட்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஒவ்வொரு தடவையும் பின் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, பிடி தளர்ந்து, கடைசியில் சும்மா ஓடும்போதே கரண்ட் விட்டு விட்டுப் போயிருக்கிறது.

மறுநாள் தனித்தனி சாட்டா வயர் நிறைய இருக்கிற எஸ்எம்பிஎஸ் வாங்கி, ஒரு வயருக்கு இரண்டு டிஸ்க் என்று பிரித்து மாட்டினேன். ஆன் செய்ததும் எட்டும் வந்து நின்றன. விடுபட்ட நேரத்தில் மாறியதை மட்டும் இசட்எஃப்எஸ் சரிசெய்துகொண்டது, சில நிமிஷம்தான். அப்புறம், எழுதியதையெல்லாம் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை முழுக்க ஓடவிட்டேன். கிட்டத்தட்ட ஒரு நாள் ஓடி, பிழை பூஜ்யம் என்றது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

செலவு கேட்பவர்களுக்கு: என் மெஷின் சராசரியாக 85 வாட். நாளைக்கு 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120-க்கு மேல். மின்வாரியம் தருகிற இலவச யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே குடித்துவிடும்.

திருமங்கலத்திலிருந்து

அண்ணே, நீங்கள் எஸ்எம்பிஎஸ் மாற்றிய இடத்தைப் படித்ததும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. நான் அதே இடத்தில்தான் விழுந்தேன். படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னுடையது கழற்றி மாட்டும் வயர் வைத்த மாடுலர் எஸ்எம்பிஎஸ். பழையது போனதும் அதிக வாட்ஸில் புதுசு வாங்கினேன். பழைய வயர்கள் பெட்டிக்குள் ஏற்கெனவே அழகாகக் கட்டி டிஸ்க்கில் மாட்டியபடி இருந்தன. அதைப் பிரிப்பானேன் என்று மறுமுனையைப் புது எஸ்எம்பிஎஸ்சில் சொருகினேன். சரியாகப் பொருந்தியது. பொருந்தியதால் சரி என்று நினைத்துவிட்டேன். ஆன் செய்தேன், பட் என்று ஒரு சத்தம், நான்கு டிஸ்க்கும் அமைதி.

டிஸ்க் பக்கத்து முனை எல்லா இடத்திலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதியே கிடையாது. ஒருவர் 5 வோல்ட் வைக்கிற குழியில் இன்னொருவர் 12 வைத்திருப்பார். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். என் டிஸ்க்கின் 5 வோல்ட் வழியில் 12 ஏறிவிட்டது.

மதுரையில் மொபைல் போர்டு சர்வீஸ் பார்க்கிற நண்பர் ஒருவர் டிஸ்க்கின் அடியிலிருக்கும் பச்சைப் பலகையைக் கழற்றிப் பார்த்தார். வாசலிலேயே டிவிஎஸ் டயோடு என்று கருப்பாக ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதிக வோல்ட் வந்தால் அது தன்னைக் கொடுத்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். ஷார்ட் ஆன அதை எடுத்துவிட்டதும் இரண்டு டிஸ்க் உயிர் பெற்றன, அவசரமாகக் காப்பி எடுத்தோம். மற்ற இரண்டிலும் உள்ளேயே வெந்துவிட்டது. அதே மாடல் பலகை வாங்கி மாட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்தந்த டிஸ்க்குக்கான அளவுகள் பலகையில் ஒரு ரோம் சிப்பில் எழுதியிருக்கும், அதையும் பெயர்த்து ஒட்டினால்தான் பெரும்பாலும் ஓடும்.

இப்போது வயர் ஒவ்வொன்றிலும் எந்த எஸ்எம்பிஎஸ்சுடையது என்று டேப் ஒட்டிப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐயர் பங்களாவிலிருந்து

தம்பிகள் இரண்டு பேரும் வயரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். என் கதையில் ஒரு வயரும் போகவில்லை, ஒரு டிஸ்க்கும் போகவில்லை.

வீட்டிலேயே ஆல்பம் டிசைன் செய்கிறேன். நாலைந்து ஸ்டுடியோவுக்கு வேலை. சர்வரில் ஆறு டிஸ்க், இரண்டு போனாலும் தாங்கும். போன வருஷம் ஆவணி முகூர்த்த நெருக்கடியில், உதவிக்கு வருகிற பெண் முடிந்த வேலைகளை அழிக்கச் சொன்னதும் ஒரு ஃபோல்டர் மேலே நின்று அழித்துவிட்டாள். 46 கல்யாணம். பாவம், அழுதேவிட்டாள். டிஸ்க் போனால் தாங்கும் அந்த ரெய்டு அமைப்பு இதற்கு என்ன செய்யும்? அழி என்றால் ஆறு டிஸ்க்கிலும் ஒழுங்காக அழிக்கும்.

மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி வைத்திருந்தேன். அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், மாறியதற்கு மட்டும்தான் இடம் பிடிக்கும். மதியம் இரண்டு மணி ஸ்னாப்ஷாட்டிலிருந்து எல்லாம் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. உங்கள் சர்வரில் இது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஆனால் இடி விழுந்தால், வீடு நனைந்தால், யாராவது பெட்டியோடு தூக்கிப் போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் சொன்ன 3-2-1 கணக்கை நான் விடாமல் கடைப்பிடிக்கிறேன்: மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் எனக்குக் காரைக்குடியில் அம்மா வீடு. பெரிய டிஸ்க் இரண்டு ஜோடி. பொங்கலுக்குப் போகும்போது ஒரு ஜோடியைக் கொண்டுபோய் அம்மாவின் மரப்பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, அங்கிருப்பதை எடுத்து வருவேன். ஆடியில் மறுபடி. வந்ததும் ஏதாவது பத்து ஆல்பத்தைத் திறந்து பார்ப்பேன். ஒரு முறை பாஸ்வேர்டை எழுதி வைக்காமல் பூட்டிய டிஸ்க்கோடு ஒரு மணி நேரம் போராடினேன், அதிலிருந்து அது அம்மாவின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

வில்லாபுரத்திலிருந்து, மறுபடி

அக்கா, உண்மையைச் சொல்கிறேன், வேறு இடத்தில் பிரதி என்னிடம் இல்லை. கேசட்டே ஒரு பிரதிதானே என்று நினைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஒரு பழைய கேசட்டைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் சுத்தமாக இறங்கியது, இப்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. ஆக, இறக்கிய கேசட்டுக்கெல்லாம் என் சர்வர் ஒன்றுதான் கதி என்று ஆகிவிட்டது. இந்த வாரமே இரண்டு பெரிய டிஸ்க் சொல்லியிருக்கிறேன். உசிலம்பட்டியில் மாமா வீட்டில் வைக்கலாம் என்று அப்பா சொன்னார். முழுக்க ஏற்றக் கிகாபிட் வயரில் நொடிக்கு 110 எம்பி, பத்து டெராபைட்டுக்கே ஒரு நாளுக்கு மேல். ஏற்றி முடித்ததும் எழுதுகிறேன்.

திருமங்கலம் தம்பிக்கு: என் எஸ்எம்பிஎஸ்சும் மாடுலர்தான். பழைய வயரை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்தேன். இறக்கிப் பார்த்து, பொருந்துகிற மாதிரி இருந்ததையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டேன்.

இன்னும் இறக்காத 212 கேசட் பாக்கி இருக்கிறது. என்னிடம் இருக்கிற கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட் தேய்ந்துவிட்டது. மதுரைப் பக்கம் ஓடுகிற நிலையில் மினிடிவி கேமராவோ டெக்கோ யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.