இலங்கையின் கொத்மலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கியபோது நீங்கள் பார்த்தது என்ன?

பூண்டுலோயாக்காரன்:
கடதொர விகாரை வெளியே தெரிந்த வருடம் நானும் போனேன். எண்பதுகளின் நடுவில் கொத்மலை ஓயா என்ற ஆற்றை மறித்து நிரப்பியபோது மூழ்கியது, கடும் வறட்சியில் தலைகாட்டும், தெரிந்த கதைதானே. விகாரை எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. தள்ளிப்போய் ஒரு வாசற்படி, மூன்று கல், பின்னால் வீடு இல்லை. ஒரு வயதான அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதில் ஏறினார். உள்ளே நாலு அடி நடந்து, வெடித்த சேற்றைக் காட்டி, “குஸ்ஸிய” என்று பேரனிடம் சொன்னார். சமையலறையாம். இறங்கி வந்து மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டார். அந்தச் செருப்புதான் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மழைக்காலத்து ஆள்:
என் கதை நேர் எதிர். அணைக்குக் கீழே ஆறு பெரும்பாலும் வெறும் பாறைதான்; தண்ணீரெல்லாம் சுரங்கத்துக்குள்ளால் நிலத்தடி மின்நிலையத்துக்குப் போய்விடும். அங்கங்கே தேங்கிய குழிகளில் குளிப்போம். ஒருநாள் வான்கதவு திறக்கிற சைரன் ஊதியது. சினேகிதன் “டெஸ்ட் பண்றாங்கடா” என்று தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே இருந்தான். மேலே ஒரு தாத்தா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துத்தான் நாங்களும் ஓடினோம். திரும்பிப் பார்த்தால் பாறைமேல் சோப்புப் பெட்டி, பக்கத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர். அடுத்த முறை பார்க்கும்போது பாறையே இல்லை.

சாமிமலைப் பிள்ளை:
கோவிலும் வெளியே வருமே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? நான் படியில் இறங்கிக் கற்பூரமே ஏற்றியிருக்கிறேன். பள்ளிவாசலும் பக்கத்திலேயே இருக்கிறது.

வான்கதவு:
தங்கச்சி, நீங்கள் சொல்வது மவுசாகலை நீர்த்தேக்கம். அங்கே மூழ்கியது பழைய மஸ்கெலியா டவுன். அந்தத் தண்ணீர் களனி கங்கைக்குப் போகிறது, கொத்மலைத் தண்ணீர் சேரும் மகாவலி ஆற்றுக்குச் சம்பந்தமே இல்லை. அது மின்சாரத்துக்கென்று கட்டியது. கொத்மலை பல்நோக்கு: 67 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரம், ஓடி முடித்த தண்ணீர் மகாவலியில் விழுந்து, பொல்கொல்லை அணையில் திரும்பி வறண்ட வலயத்து வயலுக்கும் போகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

சாமிமலைப் பிள்ளை:
சரி அண்ணா, மவுசாகலை. கற்பூரம் ஏற்றியது உண்மைதானே?

ரம்பொடை வளைவு:
நான் ஆஞ்சநேயர் கோவிலில் இருந்து பார்த்ததோடு சரி, இறங்கியதில்லை. ஆனால் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வெடித்த சேறு மேலே ஓடு மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். அடியில் களி. முழங்கால் வரை போனால் காலை நேராக இழுக்கக்கூடாது, பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, மெதுவாக அசைத்து எடுக்கவேண்டும். கையில் ஒரு நீளக் கம்பு இருக்கட்டும். ஓடை வந்து விழுகிற பக்கம் போகவே வேண்டாம், களி ஆழமாகப் படிவது அங்கேதான். மாட்டுத்தடம் இருந்தால் அதிலேயே நடங்கள், மாட்டுக்குத் தெரியும். அப்புறம் மேலே மலையில் மழை என்றால் கீழே வெயில் அடித்தாலும் ஏறிவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். செல்ஃபி எடுக்கிறேன் என்று பழைய சுவர்மேல் ஏறாதீர்கள், இத்தனை வருடம் ஊறிய சுவர்.

பூண்டுலோயாக்காரன்:
அண்ணா, வழி யாரும் கேட்கவில்லையே. அந்த அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும், கம்பெல்லாம் இல்லை. நேராக நடந்து போய் நின்றார்.

வான்கதவு:
அவருக்கு அது வீடு தம்பி. நமக்குச் சேறு.

சாமிமலைப் பிள்ளை:
சோப்புப் பெட்டி கிடைத்ததா?

மழைக்காலத்து ஆள்:
எங்கே கிடைக்கும். நாலு நாள் கழித்துக் கம்பளைப் பக்கம் ஆற்றோரம் தேடிப்பார்த்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மையிலேயே தேடினோம். அது அவன் அக்காவுடையது.