அன்மவுண்ட் ஆன பிறகும் டிஆர்பிடி செகண்டரி ஆக மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு மில்லுக்கு இரண்டு சர்வர் பேஸ்மேக்கர் கிளஸ்டர் (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் அமைப்பு). டிஆர்பிடி (ஒரு சர்வரின் டிஸ்கை மற்றதில் நகலெடுப்பது; எழுதும் பக்கம் பிரைமரி, நகல் பக்கம் செகண்டரி), அதன் மேல் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம், அதன் மேல் பாட்மேன் கன்டெய்னரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கடைசியில் வேலை செய்யும் சர்வரோடு நகரும் மிதக்கும் ஐபி. ஸ்டோனித் (பழுதான சர்வரை வலுக்கட்டாயமாக அணைப்பது) ஒழுங்காக ஓடுகிறது.

முதல் சர்வரை ஸ்டாண்ட்பை போட்டால் ஐபி இறங்குகிறது, கன்டெய்னர் நிற்கிறது, அன்மவுண்டும் ஆகிவிடுகிறது. டிஆர்பிடியை செகண்டரி ஆக்கும்போதுதான் முட்டுகிறது: டிவைஸை வேறு யாரோ திறந்து வைத்திருப்பதாக மைனஸ் 12 பிழை. டெமோட் (செகண்டரிக்கு இறக்குவது) தோற்றதும் ஸ்டோனித் வழியே சர்வரே ஃபென்ஸ் ஆகி ரீபூட். டிவைஸைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸைக் காட்டும் ஃபியூசரில் ஒன்றும் சிக்கவில்லை.

எல்லா பிராசஸின் மவுண்ட்இன்ஃபோவையும் (எதெல்லாம் மவுண்ட் ஆகியிருக்கிறது என்ற பட்டியல்) கிரெப் போட்டதில் ஆள் அகப்பட்டது: சர்வரின் அளவீடுகளைத் திரட்டும் நோட் எக்ஸ்போர்ட்டர் கன்டெய்னர். ஹோஸ்டின் ரூட்டை அப்படியே உள்ளே மவுண்ட் செய்திருக்கிறது. பாட்மேனின் இயல்பு ஆர்பிரைவேட் (மவுண்ட் மாற்றங்கள் உள்ளும் வெளியும் பரவாது) என்பதால், வெளியே நடந்த அன்மவுண்ட் உள்ளே போய்ச் சேரவில்லை. அங்கே எக்ஸ்எஃப்எஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆர்ஸ்லேவ் (வெளி மாற்றம் உள்ளேயும் வரும்) சேர்த்ததும் கையால் செய்த சோதனையில் சரியாகிவிட்டது.

போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரின் ரீஸ்டார்ட் பாலிசியை எடுத்தாயிற்று. கன்டெய்னரைக் கிளப்புவது பேஸ்மேக்கர் மட்டுமே. ஸ்டாப் டைம்அவுட்டும் 20 விநாடியிலிருந்து 120.

இனி கேள்வி. நாளைக்கு யாராவது பேக்கப் கன்டெய்னர் ஒன்றை ஆர்ஸ்லேவ் இல்லாமல் ஏற்றினால் மறுபடி இதே கூத்துதான். எக்ஸ்போர்ட்டரை குளோன் ரிசோர்ஸாக்கி (இரு சர்வரிலும் பேஸ்மேக்கரே ஓட்டும்படி) ஆர்டர் கட்டலாம், ஆனால் ஒவ்வொரு ஃபெயில்ஓவருக்கும் அது நின்று எழும், எனக்கு மனசில்லை. கன்டெய்னரே வேண்டாமென்று எக்ஸ்போர்ட்டரை சிஸ்டம்டி சர்வீஸாக நேரடியாக ஓட்டுகிறீர்களா? டெமோட்டுக்கு முன் மவுண்ட்இன்ஃபோவைப் பார்க்கும் பேஸ்மேக்கர் ஏஜென்ட் ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். 'கியூபர்நெட்டிஸுக்கு மாறு' என்பது மட்டும் வேண்டாம், ராசா.